அதிரும் பலகையும் நடக்கும் பொம்மையும்

பழுதுபட்ட பொருளொன்றைச் செம்மைப்படுத்தப் புகுவோர்க்கு முதலில் வேண்டுவது கைத்திறமன்று, பொறுமையே. எக்குற்றம் எவ்வுறுப்பிற் கிடக்கின்றதென்று வரிசையாக ஆராய்ந்தறியாமல் திருகாணியைக் கழற்றத் தொடங்குவோன் ஒரு பழுதை இரண்டாக்கி விடுவான். இவ்வுண்மையை யாம் வகுப்பறையிற் பன்முறை கேட்டிருக்கின்றோம். எனினும், அஃது எம் உள்ளத்திற் பதிந்தது சடையங்குப்பத்து வீடொன்றின் திண்ணையில், ஒரு விளையாட்டுப் பலகையின் முன்னேதான். அப்பலகையின் வரலாற்றையும், அதனால் யாம் கற்ற பௌதிகப் பாடத்தையும் நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சடையங்குப்பம் சென்னை மாநகரின் வடகோடியில், மணலியை அடுத்து, கொசஸ்தலையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அண்மையில் அமைந்த ஊர். 2011ஆம் ஆண்டில் அது மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. ஒருபுறம் ஆலைகளின் புகைபோக்கிகள், மறுபுறம் உப்பங்கழி. பெருமழைக் காலங்களில் வெள்ளம் சூழும் தாழ்ந்த நிலம். அங்கே மாலை வேளைகளிற் சிறுவர் சிலர்க்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பொருட்டு எம்மில் மூவர் 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையிற் சென்றுவந்தோம். எமக்குத் திண்ணை தந்து உதவியவர் ஒரு முதியவர். 1964ஆம் ஆண்டிற்குப் பின் பர்மாவினின்று தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்களுள் ஒன்றைச் சார்ந்தவர். பல்லாண்டு பர்மா பஜாரிற் கடை நடத்தியவர்.

ஒருநாள் அவர் கட்டிலின் கீழிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தெடுத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டினுட் புகுந்த வெள்ளம் அப்பெட்டியையும் நனைத்திருந்தது. உள்ளே பச்சை வர்ணம் உதிர்ந்த இரும்புத் தகடொன்று. அதன் கீழ் ஏதோ ஓர் இயந்திரம். பக்கத்திற் சிறு பொம்மைகள் சில.

“தம்பிகளே, இது கப்பலில் வந்த சாமான். என் பிள்ளைகள் சிறுவராயிருந்தபோது வாங்கினேன். ஒரு நாழிகைகூட ஆடவில்லை; புகைந்து நின்றுபோயிற்று. பிள்ளைகள் அழுதார்கள். எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். இப்போது பேரன் கேட்கிறான்,” என்றார்.

பேரனோ பேசுமுன்பே செருகியைக் கையிலெடுத்துக்கொண்டு, “அண்ணா, ஒருமுறை போட்டுப் பார்ப்போமே! ஓடினாலும் ஓடும்,” என்று சுவரருகே சென்றான். எம்முள் ஒருவர் அவன் கையைப் பற்றி நிறுத்தினார். அவ்வாறு நிறுத்தியது எத்துணை நன்றென்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

விளையாட்டின் வரலாறு

இப்பலகை அமெரிக்க நாட்டிற் பிறந்தது. நியூயார்க்கில் ‘டியூடர் மெட்டல் பிராடக்ட்ஸ்’ என்னும் பொம்மைத் தொழிலகத்தை நடத்திவந்த குடும்பத்தில் தோன்றிய நார்மன் சாஸ் என்பவர் இதனை அமைத்தவர். அவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற பொறியாளர். தந்தையாரின் தொழிலகத்தை 1948ஆம் ஆண்டில் ஏற்றார். அதிரும் தகட்டின்மேல் சிறு உருவங்கள் ஓடும் பந்தய விளையாட்டு அத்தொழிலகத்தில் முன்னரே இருந்தது. அவ்வதிர்வையே கொண்டு, அந்நாட்டார் பெரிதும் விரும்பும் அமெரிக்கக் காற்பந்தை மேசைமீது ஆடச்செய்தார் சாஸ். அது 1949ஆம் ஆண்டிற் கடைகட்கு வந்தது. 1967ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசியக் காற்பந்துக் கழகத்தின் அனுமதியைப் பெற்று, அணிகளின் உடை நிறங்களோடு கூடிய பொம்மைகளும் செய்யப்பெற்றன. சாஸ் 2012ஆம் ஆண்டில், தம் 87ஆம் வயதிற் காலமானார்.

அமெரிக்கக் காற்பந்தென்பது நம் வியாசர்பாடியிலும் இராயபுரத்திலும் இளைஞர் ஆடும் காற்பந்தன்று. அதன் பந்து முட்டை வடிவினது. ஆடுவோர் அதனைக் கையிலணைத்துக்கொண்டே ஓடுவர். அணிக்குப் பதினொருவர் என்னும் எண்ணிக்கையொன்றே இரண்டிற்கும் பொது. இவ்வேறுபாடு எம் பணியின் இறுதியில் ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

பலகை ஆடும் விதம்

பலகையின் மேற்புறம் மெல்லிய இரும்புத் தகடு. அதன் ஓரங்கள் சட்டத்தோடு பொருந்தியிருக்கும். தகட்டின் கீழே ஒரு மின்காந்தம்: மெல்லிய இரும்பேடுகளை அடுக்கிச் செய்த உள்ளகமும், அதன்மேற் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். காந்தத்திற்கு எதிரே, சிறிது இடைவெளி விட்டு, தகட்டோடு பிணைந்த ஓர் இரும்புத் துண்டு. அவ்விடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி. உறுப்புகள் இவ்வளவே.

நம் வீடுகட்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதன்று. வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. ஓர் அலைவிற்குள் மின்னோட்டம் இருமுறை உச்சத்தையும் இருமுறை சூனியத்தையும் அடைகின்றது. இரும்பானது காந்தத்தின் வடதுருவமாயினும் தென்துருவமாயினும் வேற்றுமையின்றி ஈர்க்கப்படும். ஆதலின், ஓர் அலைவிற்கு இருமுறையாக, வினாடிக்கு 100 முறை தகடு இழுபட்டு மீள்கின்றது. அமெரிக்க நாட்டிலோ மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைவது. அங்கே இப்பலகை வினாடிக்கு 120 முறை அதிரும்.

தகடு மேலும் கீழுமாக அதிர்கின்றது. பொம்மையோ முன்னோக்கி நடக்கின்றது. மேலுங்கீழுமான ஆட்டம் முன்னேற்றமாக மாறுவது எங்ஙனம்? பொம்மையின் பீடத்தைத் திருப்பிப் பார்த்தால் விடை புலனாகும். அதன் அடியில் மெல்லிய நார்போன்ற கால்கள் வரிசையாக உள்ளன. அவை நேராக நில்லாமல் ஒரே பக்கமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. தகடு எழும்போது பொம்மையின் பாரம் கால்களின்மேல் அழுந்துகின்றது. சாய்ந்த கால்கள் மேலும் வளைந்து, நுனியால் தகட்டைப் பற்றி, பொம்மையை முன்னே உந்துகின்றன. தகடு தாழும்போது பாரம் குறைகின்றது. பற்று விட்ட நுனிகள் எளிதாக முன்னே வழுக்கி வருகின்றன. ஓரடி முடிந்தது. ஓரடியின் நீளம் அரை மில்லிமீட்டர் எனக் கொண்டாலும், வினாடிக்கு நூறடி வைக்கும் பொம்மை அவ்வினாடியில் ஐந்து சென்டிமீட்டர் சென்றுவிடும்.

ஊகம்புற்காட்டில் நடந்தோர் இதனை அறிவர். கூருள்ள விதையொன்று வேட்டியின் ஓரத்திற் பற்றினால், நாம் நடக்க நடக்க அது மேலேறுமேயன்றிக் கீழிறங்காது. நம் நடையில் மேலென்றும் கீழென்றும் நோக்கமில்லை. துணி இருபுறமும் அசைகின்றது. விதையின் முட்கள் ஒரு பக்கஞ் சாய்ந்திருத்தலால் அதன் செலவும் ஒரு பக்கமே. இப்பலகையும் அத்தகையதே. பலகை தருவது அசைவு. திசையைத் தருவது கால். இவ்வொரு கருத்தை மனத்திற் கொண்டால், பழுதைத் தேடும் வழியும் தெளிவாகும். பலகை அசையவில்லையா, அன்றிக் கால் நடக்கவில்லையா என்று முதலிற் பிரித்தறிதல் வேண்டும்.

உறங்கும் பாம்பு

எம் பலகை அசையவேயில்லை என்பதை முதியவர் கூற்றால் அறிந்தோம். ஆகவே மின்சாரத்தோடு இணையாமலே சுருளைச் சோதித்தோம். கல்லூரி ஆய்வகத்தினின்று கொணர்ந்த மானியைச் செருகியின் இரு முட்களிலும் வைத்தபோது, மின்சாரம் செல்லும் வழியே இல்லையென்று அது காட்டியது. சுருள் எரிந்து அறுந்துபோயிருந்தது. இம்மட்டோடு நிறுத்தியிருந்தால் எம் சோதனை அரைகுறையாகியிருக்கும். மானியின் ஒரு முனையைச் செருகியின் முள்ளிலும், மற்றொன்றைப் பச்சைத் தகட்டிலும் வைத்தோம். ஒரு முள்ளில் ஒன்றுமில்லை. மறு முள்ளிலோ, மின்சாரம் தகட்டிற்குத் தடையின்றிப் பாயுமென்று மானி காட்டியது! வடத்தின் உறை காலத்தாலும் வெள்ளத்தாலும் பொடிந்து, உள்ளிருந்த செப்புக் கம்பி சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நண்பர்களே, இதன் பொருளைச் சற்றே எண்ணுக. சுருள் அறுந்தமையால் பலகை ஓடாது, ஓசையும் செய்யாது. “ஒன்றும் நிகழவில்லையே” என்று சிறுவன் தகட்டைத் தொடுவான். அவ்வேளை தகட்டில் 230 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். அவன் நிற்பதோ ஈரமான சிமெண்டுத் தரை, காலிற் செருப்பில்லை. அமெரிக்கச் செருகியை நீக்கி இவ்வூர் முறைப்படி இரண்டு முள் செருகியொன்றை முன்னரே பொருத்தியிருந்தனர். அதனை எப்பக்கமாகவும் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் தீங்கு தோன்றாது. மறுபக்கமாகச் செருகினால் உயிர்க்கே இறுதி. ஒருமுறை தீங்கின்றித் தப்பியவன் மறுமுறையும் அஞ்சாமற் செருகுவான். ஓடாத இயந்திரம் தீங்கற்ற இயந்திரமன்று. அது உறங்கும் பாம்பு. வெள்ளத்தில் நனைந்த எப்பொருளையும் உலர்த்திச் சோதித்த பின்னன்றி மின்சாரத்தோடு இணைத்தலாகாது என்னும் விதியைச் சிறுவர்க்கு அன்று மாலைப் பாடமாகச் சொன்னோம். மானியின் முள் அசைவதை அவர்கள் கண்ணாற் கண்டமையால், வேறு எச்சரிக்கை வேண்டியிருக்கவில்லை.

புதிய சுருள்

சுருள் எரிந்த காரணம் யாது? பலகையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மங்கிய எழுத்தால் ‘110 வோல்ட், 60 அலைவு’ என்றிருந்தது. அதனை 230 வோல்ட்டிற் செருகினால் எரியாமல் என் செய்யும்? அழுத்தத்தைப் பாதியாக்கும் மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தாற் போதுமே என்று தோன்றலாம். அதுவும் முற்றும் பொருந்தாது. ஒரு சுருளினுள் எழும் காந்தப் பெருக்கு, மின்னழுத்தத்தை அலைவெண்ணால் வகுத்த ஈவிற்கு ஏற்ப அமையும். 60 அலைவிற்கென்று செய்த சுருளை 50 அலைவில் இயக்கினால், அழுத்தம் 110 வோல்ட்டாகவே இருந்தாலும், காந்தப் பெருக்கு ஐந்தில் ஒரு பங்கு மிகும், உள்ளகம் தெவிட்டும், மின்னோட்டம் பெருகிச் சுருள் சூடேறும். பழைய பெருக்கே அமைய வேண்டுமாயின் ஏறக்குறைய 92 வோல்ட்டே கொடுத்தல் வேண்டும். அயல்நாட்டுப் பொருளை வாங்குவோர் வோல்ட்டை மட்டும் நோக்கி அலைவெண்ணை மறப்பது பெரும்பிழை.

சுருளோ எரிந்துவிட்டது, எப்படியும் புதிதாகச் சுற்றவேண்டியதே. ஆயின், பழைய அளவிலேயே ஏன் சுற்றவேண்டும்? சிறுவர் கைபடும் இரும்புத் தகட்டின்கீழ், உப்புக் காற்றும் வெள்ளமும் உள்ள ஊரில், உயர்ந்த அழுத்தத்தை வைப்பதே தவறன்றோ? 12 வோல்ட்டில் இயங்குமாறு அதனை மாற்றத் துணிந்தோம். கணக்கு எளிது. சுற்றுகளின் எண்ணிக்கை, அழுத்தம் குறையுமளவிற்குக் குறையவேண்டும். அலைவெண் குறையுமளவிற்குக் கூடவேண்டும். ஆகவே பழைய சுருளில் 100 சுற்றிருந்த இடத்தில், 100ஐ 12ஆற் பெருக்கி 110ஆல் வகுத்து, மீண்டும் 60ஆற் பெருக்கி 50ஆல் வகுக்க, ஏறக்குறைய 13 சுற்று வரும். சுற்றுக் குறைந்தால் அதே காந்த வலிமைக்கு மின்னோட்டம் மிகவேண்டும். அது ஏழரை மடங்கிற்குச் சற்று மேலாகும். ஆதலின் கம்பியும் பருமனாதல் வேண்டும். குறுக்குப் பரப்பு ஏழரை மடங்கு மிகுவதற்கு, விட்டம் இரண்டே முக்கால் மடங்கு மிகுந்தாற் போதும். சுற்றுகள் குறைந்து கம்பி பருத்தமையால், பழைய சுருளிருந்த இடத்திலேயே புதிய சுருளும் அடங்கும்.

இக்கணக்கை எடுத்துக்கொண்டு இராயபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றிற்குச் சென்றோம். அங்கிருந்த மேஸ்திரி எம் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, கணக்கு இருக்கட்டும், முதலில் பழைய சுற்றைப் பிரித்து எண்ணுங்கள், இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள்,” என்றார். இருவர் எண்ணினோம், இரண்டு விடை வந்தது! மூன்றாமுறை எண்ணியே ஒருமைப்பட்டோம். பழைய எண்ணிக்கையே பிழையாயின் அதன்மேற் கட்டிய கணக்கும் பிழையே என்று அவர் சொல்லாமற் சொன்னார். சுருளைக் கட்டி, வார்னிஷில் தோய்த்து உலர்த்தியும் கொடுத்தார்.

மின்மாற்றியைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு நுட்பமுண்டு. இரு பக்கத்திற்கும் ஒரே சுருளைக் கொண்ட மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி, வீட்டு மின்வழியினின்று நம்மைப் பிரிக்காது. இரு சுருள்களும் தம்முள் தொடர்பின்றித் தனித்தனியே அமைந்த மின்மாற்றியே இங்கு வேண்டுவது. 6, 9, 12 வோல்ட் என மூன்று முனைகளுள்ளதாக ஒன்றைப் பெற்று, மூடிய மரப்பெட்டியில் உருகுகம்பியோடு அமைத்து, வெள்ளம் எட்டாத உயரத்திற் சுவரில் மாட்டினோம். அங்கிருந்து பலகைக்கு வருவது 12 வோல்ட்டே. முனைகள் மூன்றிருப்பதால் வேகத்தையும் மாற்றலாம். இரும்பை ஈர்க்கும் வலி காந்தப் பெருக்கின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 6 வோல்ட்டில் ஈர்ப்பு பாதியாகாமற் காற்பங்காகும். சிறு குழந்தைகள் முதல் முனையிலும், மூத்தோர் மூன்றாம் முனையிலும் ஆடலாம்.

தகட்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கி, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேற் பச்சை வர்ணத்தை மெல்லிதாகத் தீட்டினோம். தடிப்பாகத் தீட்டினால் தகடு கனத்து அதிர்வு குன்றும். பின்னர்த் திருகாணியைத் திருப்பி இடைவெளியை அமைத்தோம். இடைவெளி மிகுந்தால் அதிர்வு மெலியும். மிகக் குறைந்தால் இரும்பு காந்தத்தில் மோதிக் கடகடவென்னும். அக்கடகடப்பு எழும்வரை திருகி, அது நிற்குமளவு பின்வாங்கினாற் போதும். இங்கே செவியே தக்க மானி.

மாவும் மணலும்

பலகை இனிதாக முழங்கிற்று. ஆயினும், பொம்மைகள் சிலவிடங்களிற் பாய்ந்தோடின. சிலவிடங்களிற் செயலற்று நின்றன. தகடு எங்கும் ஒரு படித்தாக அதிரவில்லை என்பது தெளிவு. 1787ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, அதிரும் தகட்டின்மேல் மணலைத் தூவினால், அது அசையாத இடங்களிற் சென்று கோடுகளாகத் தங்குமென்று காட்டினார். நம் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. இராமன், மிருதங்கத்தின் இனிய ஒலிக்குக் காரணத்தை 1920ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியவர். 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதன் தோலின்மேல் மணல் தூவி அதிர்வின் வடிவங்களைப் புலப்படுத்தினார். அம்முறையையே யாமும் பின்பற்ற விழைந்தோம்.

கைக்கெட்டிய பொருள் அரிசிமாவு. அதனைத் தூவி மின்சாரத்தை விட்டோம். மாவு மூன்றிடங்களிற் குவிந்தது. “இவையே அசையாத இடங்கள்” என்று முடிவு செய்து, அவ்விடங்களில் ஒரு பொம்மையை வைத்தோம். அதுவோ மற்றெவ்விடத்தினும் மிகுதியாகத் துள்ளியது! எம் கொள்கை பொய்த்ததோ, கிளாட்னியின் கொள்கை பொய்த்ததோ என்று திகைத்தோம். கல்லூரிக்கு வந்து ஆசிரியரை வினவியபோது அவர் நகைத்து, பாரடேயின் ஆராய்ச்சியைப் படிக்குமாறு கூறினார். மிக நுண்ணிய பொடியானது, அதிரும் தகட்டின்மேல் எழும் சிறு காற்றோட்டங்களால் அள்ளப்பட்டு, மிக அசையும் இடங்களிலேயே குவியுமென்று பாரடே 1831ஆம் ஆண்டிற் காட்டியிருக்கின்றார். பருமணலோ காற்றிற்கு வசப்படாது. அசையாத இடத்தையே நாடும். மாவு ஒன்று கூற, மணல் அதற்கு மாறாகக் கூறும், இரண்டும் மெய்யே. கேட்பவர்க்குச் சாட்சியின் இயல்பு தெரியாமற்போனதே பிழை.

மறுநாள் எண்ணூர்க் கடற்கரையினின்று மணலெடுத்து, கழுவி, உலர்த்திச் சலித்துத் தூவினோம். மணல் பலகையின் நடுவே குறுக்காக ஒரு கோடும், ஒரு மூலையில் ஒரு வளைவுமாகத் தங்கிற்று. பொம்மைகள் நின்றுபோன இடங்கள் அவையே. மூலையிலிருந்த குற்றம் எளிது; அங்கே சட்டத்தின் திருகாணி தளர்ந்திருந்தது; அதனை இறுக்கினோம். நடுவிலிருந்த கோட்டைப் போக்க, சட்டத்தின் நான்கு மூலைகளின் கீழும் பழைய மிதிவண்டி டியூபினின்று வெட்டிய ரப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றை உள்ளும் புறமுமாக நகர்த்தி நகர்த்தி மணலைத் தூவினோம். கோடு முற்றும் மறையவில்லை. ஆயினும், ஆட்டம் நிகழும் நடுவிடத்தைவிட்டு விலகி, ஓரத்திற்குச் சென்றது. எந்தத் தகட்டிலும் அசையா இடம் ஒன்றேனும் இருக்கும். அதனைத் தீங்கு செய்யாத இடத்திற்கு அனுப்புவதே நம்மாலாவது.

குற்றம் பலகையினதா, காலினதா?

இப்பொழுது பொம்மைகள் எங்கும் நடந்தன, நேராக நடக்கவில்லை. இவ்விடத்தில் யாம் கையாண்ட சோதனை ஒன்றை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக. ஒரு பொம்மையை வடக்கு நோக்கி விடுக. அது கிழக்கே ஒதுங்குகின்றதென்று கொள்வோம். அதே பொம்மையை அதே இடத்தினின்று தெற்கு நோக்கி விடுக. மீண்டும் கிழக்கே ஒதுங்குமாயின் குற்றம் பலகையினது. பலகை அப்பக்கம் தாழ்ந்திருக்கின்றது. இம்முறை மேற்கே ஒதுங்குமாயின், அஃது இருமுறையும் தன் வலப்புறமே திரும்பியதாகும். அப்பொழுது குற்றம் காலினது. மானியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். பொம்மையைத் திருப்பி வைத்தலொன்றே போதும்.

பலகையின் குற்றத்தை, கொத்தனார் ஒருவரிடம் பெற்ற ரசமட்டத்தை வைத்து, ரப்பரின் கீழ்க் காகிதம் மடித்திட்டுச் சரிசெய்தோம். காலின் குற்றமே பெரிது. பழைய பீடங்களிற் பலவற்றின் கால்கள் முறிந்தும், காய்ந்து விறைத்தும், தாறுமாறாக வளைந்தும் இருந்தன. இருபத்திரண்டில் ஏழே நடந்தன. கடையில் வாங்க இவ்வூரிற் கிடைப்பதன்று. அப்போது முதியவரின் பேரன் கேட்டான்: “அண்ணா, பல்துலக்கியிலும் இப்படித்தானே கால்கள் இருக்கின்றன?”

அச்சிறுவன் சொல் எம் பணியை முடித்துத் தந்தது. பழைய பல்துலக்கிகளின் தலைகளை வெட்டியெடுத்தோம். அவற்றின் நைலான் நார்கள் நேராக நிற்பவை, சாய்வில்லையேல் திசையில்லை. அவற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து நூலாற் கட்டி, வெந்நீரிற் சிறிதுநேரம் தோய்த்து, கட்டவிழ்க்காமலே குளிர்ந்த நீரில் ஆறவிட்டோம். நைலான் சூட்டில் இளகி, குளிர்ந்தபோது அச்சாய்விலேயே நிலைத்தது. பின்னர் நுனிகளை ஒருமட்டமாக வெட்டி, மேலே பொம்மைகளை ஒட்டினோம். மிகச் சாய்ந்தவை தகட்டில் வழுக்கின. மிக நேராயிருந்தவை நின்றவிடத்தே துள்ளின. இடைப்பட்டவை நன்கு நடந்தன. ஒரு பக்கத்து நார்கள் சற்றே நீண்டிருந்தவை வட்டமிட்டன. அவற்றையும் வீணாக்கவில்லை, வளைந்து சென்று எதிரியை மறிப்பவர்களாகச் சிறுவர் அவற்றை வைத்துக்கொண்டனர்.

நம் ஊர்க் காற்பந்து

இறுதியில் முன்னர்க் கூறிய சிக்கல் எழுந்தது. பந்தை அணைத்தோடும் ஆட்டம் இச்சிறுவர் அறியாதது. அவர்கட்கு வேண்டியது காலால் தள்ளும் பந்து. உருண்டைப் பந்தொன்றை வைத்தால் அது அதிரும் தகட்டில் ஓரிடத்தும் நில்லாமல் ஓடி விழுந்தது. இதற்கும் எம் பழைய கருத்தே விடை தந்தது. திசையைத் தருவது காலென்றால், காலில்லாத பொருளுக்குத் திசையில்லை. அடிப்புறம் வழவழப்பாயுள்ள சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தோம். அது தானே எங்கும் செல்லாமல் நின்றவிடத்தே நடுங்கிற்று. பொம்மையொன்று வந்து முட்டியபோது அப்பக்கம் நகர்ந்தது. அது விலகியதும் நின்றது. பந்திற்கு வேண்டிய இலக்கணம் அதுவே. அமெரிக்கக் கோடுகள் இருந்தவிடத்தில் நடுவட்டமும் இரு கோல் எல்லைகளும் தீட்டப்பெற்றன.

முதல் ஆட்டத்தை முதியவரும் பேரனும் ஆடினர். முதியவர் தம் பொம்மைகளை நேரே நிறுத்தினார். பேரன் வட்டமிடும் இருவரைக் கோலின்முன் நிறுத்தியிருந்தான். பேரனே வென்றான். முதியவர் நெடுநேரம் பலகையை நோக்கியிருந்து, “என் பிள்ளைகளைப் போனில் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்,” என்று மட்டும் கூறினார்.

இப்பாடத்தின் பயன்

இத்துணைச் சிறிய விளையாட்டிற்கு இத்துணை உழைப்பு வேண்டுமோ என்று சிலர் வினவலாம். இதே மின்காந்தம், இதே அதிர்வு, பெருந்தொழில்களிலும் பணிபுரிகின்றது. நிலக்கரி, உரம், தானியம் முதலியவற்றைப் பெருந்தொட்டியினின்று அளவாக வெளித்தள்ளும் அதிர்வூட்டிகளில், வினாடிக்குப் பன்முறை இழுபடும் தொட்டில் ஒன்று உண்டு. அங்கே பொருளுக்குச் சாய்ந்த காலில்லை. ஆதலின் தொட்டிலைத் தாங்கும் வில்களையே சாய்வாக அமைப்பர். தொட்டில் முன்னும் மேலுமாக எறிய, பொருள் சிறு துள்ளல்களாக முன்னேறும். சாய்வு காலிலிருந்தாலென்ன, வில்லிலிருந்தாலென்ன? எங்கேனும் ஒரு சாய்வு இருந்தாலன்றி அசைவு முன்னேற்றமாகாது. இவ்வொப்புமையைக் கூறியபோது, ஆலைகளின் ஓசையைப் பிறந்தது முதற் கேட்டுவரும் அச்சிறுவர், எந்த ஓசைக்குள் எந்த இயந்திரமிருக்குமென்று தம்முள் வாதிடத் தொடங்கினர். அன்று கணக்குப் பாடம் நடைபெறவில்லை. அதற்காக யாம் வருந்தவுமில்லை.

இத்தகைய பணியில் இறங்க விரும்பும் மாணவ நண்பர்க்குச் சுருக்கமாகச் சில சொல்வோம். முதலாவது, மின்சாரத்தை விடுமுன் மானியை வைக்க. செருகியின் முட்களிடையே மட்டுமன்று, முட்களுக்கும் கைபடும் உலோகத்திற்கும் இடையிலும் வைக்க. இரண்டாவது, பொருள் எந்த நாட்டு மின்சாரத்திற்குச் செய்யப்பட்டதென்று காண்க; அழுத்தமும் அலைவெண்ணும் இரண்டும் பார்க்க. மூன்றாவது, சிறுவர் தொடும் பொருளில் உயர்ந்த அழுத்தத்தை வையாதீர். 12 வோல்ட்டில் ஆகும் பணிக்கு 230 வேண்டுவதன்று. நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க. அசைவின் குற்றத்தையும் நடையின் குற்றத்தையும் ஒருசேரத் திருத்தப் புகுந்தால் எது எதனாற் சரியாயிற்றென்று தெரியாது.

அடுத்த மழைக்காலம் வருமுன், பலகையைக் கட்டிலின் கீழ் வைக்காமல், சுவரில் உயர ஆணியடித்து மாட்டினோம். மின்மாற்றிப் பெட்டியின்மேல், சிறுவரே தம் கையெழுத்தில், “நனைந்தால் செருகாதே, அண்ணாவைக் கூப்பிடு,” என்றெழுதி ஒட்டியிருக்கின்றனர். எம் பாடத்தில் அவர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்றே உண்டெனின், அஃது இதுவே.